அடுக்களையில் ஓர் அமிலம்
(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

"காடிக் கஞ்சியானாலும் மூடிக் குடி" என்பது நம் முன்னோர் மொழி. எளிய உணவாயினும் அதைத் தூய்மையாக வைத்து உண்ண வேண்டும் என்பதே இதன் பொருள். இப்பழமொழியில் வரும் காடி என்னும் சொல் புளிப்பேறிய நீரைக் குறிக்கும். புளித்த கஞ்சியும் காடி, புளித்த பழச்சாறும் காடி. இன்று கடைகளில் 'வினிகர்' என்னும் பெயரில் புட்டியில் அடைத்து விற்கப்படும் பொருளும் காடியே ஆகும்.

ஊறுகாய்க்கும் சமையலுக்கும் உதவும் இந்தக் காடியைக் கொண்டு வீட்டையும் துப்புரவு செய்யலாம் என்று பலர் கூறுகின்றனர். அது எந்த அளவுக்கு உண்மை? எந்தக் கறையைக் காடி போக்கும்? எதைப் போக்காது? எங்கே அது தீங்கு செய்யும்? இவற்றைப் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காடி பிறக்கும் விதம்

காடியில் உள்ள புளிப்புக்குக் காரணம் அசிட்டிக் அமிலம். இதனை எத்தனாயிக் அமிலம் என்றும் பாடநூலில் படிக்கிறோம். கடையில் வாங்கும் காடியில் 100 மில்லி லிட்டருக்குச் சுமார் 4 முதல் 5 கிராம் வரை இந்த அமிலம் இருக்கும். எஞ்சியது பெரும்பாலும் தண்ணீரே. தண்ணீர் கலவாத தூய அசிட்டிக் அமிலம் சுமார் 16.6 டிகிரி செல்சியசில் பனிக்கட்டியைப் போல் உறைந்துவிடும். ஆகவேதான் அதற்குப் 'பனி அசிட்டிக் அமிலம்' என்று பெயர்.

காடி இரண்டு படிகளில் உண்டாகிறது. முதற்படியில், இனிப்பான சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் ஆல்கஹாலாக மாற்றுகிறது. இதற்குக் காற்று வேண்டியதில்லை. இரண்டாம் படியில், அந்த ஆல்கஹாலை வேறொரு வகைப் பாக்டீரியா, காற்றிலுள்ள ஆக்சிஜனின் உதவியால் அசிட்டிக் அமிலமாக மாற்றுகிறது. இவ்வாறு காடியை உண்டாக்குவது உயிருள்ள நுண்ணுயிரே என்பதைப் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் 1864இல் ஆராய்ந்து வெளியிட்டார். திறந்து வைத்த கள் ஏன் புளிக்கிறது என்னும் கேள்விக்கும் இதுவே விடை.

சர்க்கரை உள்ள எதிலிருந்தும் காடி செய்யலாம். பிரான்சில் திராட்சையிலிருந்தும், இலங்கையிலும் கோவாவிலும் தென்னங்கள்ளிலிருந்தும் செய்கிறார்கள். வட இந்தியாவில் நாவற்பழத்திலிருந்து செய்யும் காடி பெயர் பெற்றது. நாவல் மரத்தின் பெயரையே தாங்கி நிற்கும் திருநாவலூரில் வாழும் நமக்கு இச்செய்தி மகிழ்ச்சி தருவதாகும். சுந்தரர் பிறந்த இவ்வூர்க் கோயிலின் தலமரமும் நாவலே.

கரும்புக்கும் காடிக்கும் உறவு உண்டு. நம் கள்ளக்குறிச்சி மாவட்டம் கரும்பு மிகுதியாக விளையும் மாவட்டம். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உண்டு. ஆலையில் சர்க்கரையைப் பிரித்த பின் எஞ்சும் கருநிறப் பாகு, 'மொலாசஸ்' எனப்படும். இந்தப் பாகு ஆல்கஹால் செய்யப் பயன்படுகிறது. அந்த ஆல்கஹாலிலிருந்து அசிட்டிக் அமிலமும் செய்யப்படுகிறது. நுண்ணுயிரால் புளிக்கவைத்த காடி ஒரு வகை. அமிலத்தைத் தண்ணீரில் கலந்து செய்யும் செயற்கைக் காடி மற்றொரு வகை. செயற்கைக் காடியாயின் அதனைப் புட்டியின் மேல் அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு உணவுச் சட்ட விதி. பாத்திரம் துலக்குவதற்கு இரண்டும் ஒன்றே.

வரலாற்றில் காடி

காடி மிகப் பழைய பொருள். உரோமைப் படைவீரர்கள் புளித்த திராட்சை இரசத்தில் தண்ணீர் கலந்து அன்றாடம் குடித்து வந்தனர். நம் ஆண்டவர் சிலுவையில் தாகமாயிருந்தபோது கடற்பஞ்சில் தோய்த்துக் கொடுக்கப்பட்டதும் இத்தகைய புளித்த இரசமே. பழைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பில் இதனைக் 'காடி' என்றே எழுதியுள்ளனர். நீதிமொழிகள் நூலில், சோம்பேறியை வேலைக்கு அனுப்பியவர் படும் தொல்லைக்குப் பற்களில் பட்ட காடி உவமையாக வருகிறது. இவ்வுவமையில் அறிவியலும் அடங்கியிருக்கிறது. பல்லின் மேற்பூச்சை அமிலம் மெல்ல அரிக்கும். ஆகவே காடியைத் தண்ணீர் கலவாமல் குடிப்பது தீது.

எகிப்து அரசி கிளியோபாத்ரா ஒரு முத்தைக் காடியில் கரைத்துக் குடித்தாள் என்று உரோமை எழுத்தாளர் பிளினி எழுதி வைத்தார். கதை எப்படியாயினும், முத்து காடியில் கரையும் என்பது உண்மை. ஏனெனில் முத்து பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனது. இக்கதையை நினைவில் வைத்தால் காடியின் வேலை முழுவதும் விளங்கிவிடும்.

தண்ணீரும் வெள்ளைக் கறையும்

கெடிலம் ஆறு ஓடும் இப்பகுதியில் ஆண்டின் பெரும்பகுதி ஆற்றில் நீர் இருப்பதில்லை. ஆகவே நாங்கள் பெரிதும் ஆழ்துளைக் கிணற்றையே நம்பியிருக்கிறோம். அந்நீர் பல வீடுகளில் கடினநீராக இருக்கிறது. வெந்நீர்ப் பானையின் அடியிலும், குழாயின் வாயிலும், குளியலறைச் சுவரிலும் வெள்ளையாகப் படிவதைத் தாய்மார்கள் 'உப்புக் கறை' என்பார்கள். உண்மையில் அது சமையலுப்பு அன்று. பெரும்பாலும் அது கால்சியம் கார்பனேட்டே.

மழைநீர் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு மண்ணுக்குள் இறங்குகிறது. அங்குள்ள சுண்ணாம்புப் பொருளைக் கரைத்துக் கால்சியம் பைகார்பனேட்டாகத் தன்னுடன் கொண்டு வருகிறது. அந்நீரைக் காய்ச்சும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. கரைந்திருந்த சுண்ணாம்பு மீண்டும் திண்மமாகிப் பாத்திரத்தில் ஒட்டுகிறது. இதனைச் சோப்புப் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் போகாது. ஆனால் அதன் மேல் காடியை ஊற்றினால் சிறு குமிழிகள் எழும். அசிட்டிக் அமிலம் கால்சியம் கார்பனேட்டுடன் வினைபுரிந்து, நீரில் கரையும் கால்சியம் அசிட்டேட்டையும், தண்ணீரையும், கார்பன் டை ஆக்சைடையும் தருகிறது. குமிழி அடங்கிய பின் கழுவினால் கறை நீங்கிவிடும்.

எவ்வளவு காடி வேண்டும் என்பதையும் கணக்கிடலாம். 100 கிராம் கால்சியம் கார்பனேட்டைக் கரைக்க 120 கிராம் அசிட்டிக் அமிலம் தேவை. 5 விழுக்காடு காடி 100 மி.லி.யில் 5 கிராம் அமிலமே உண்டு. ஆகவே அது ஏறத்தாழ 4 கிராம் படிவைத்தான் கரைக்கும். இதனைச் சோதிக்க நாங்கள் ஒரு கோழி முட்டையைக் காடியில் இட்டோம். முட்டை ஓடு சுமார் 5 முதல் 6 கிராம் எடையுள்ளது. அதுவும் கால்சியம் கார்பனேட்டே. ஒரு தம்ளரில் 100 மி.லி. காடி ஊற்றினோம். முதல் நாள் நிறையக் குமிழிகள் வந்தன. பிறகு வேகம் குறைந்தது. ஓடு முழுவதும் கரையவில்லை. மறுநாள் காடியை மாற்றியதும் மீதி ஓடும் கரைந்து, மெல்லிய தோல் மட்டும் மூடிய முட்டை ரப்பர் பந்துபோல் கையில் நின்றது. நாங்கள் தாளில் போட்ட கணக்கும் தம்ளரில் கண்டதும் பொருந்தின.

அமிலத்துக்கு ஒரு வேலை, காரத்துக்கு ஒரு வேலை

காடி எல்லாக் கறையையும் போக்கும் என்று எண்ணுவது தவறு. சுண்ணாம்புப் படிவு, துரு, பித்தளைக் களிம்பு ஆகியவற்றுக்கு அமிலம் வேண்டும். எண்ணெய்ப் பிசுக்குக்கோ அமிலம் உதவாது. காரமும் சோப்புமே வேண்டும். சோப்பின் மூலக்கூறில் ஒரு முனை எண்ணெயையும் மறுமுனை தண்ணீரையும் பற்றிக்கொள்ளும். காடிக்கு அத்தகைய ஆற்றல் இல்லை.

நம் பாட்டிமார் இதனை நூல் படிக்காமலே அறிந்திருந்தனர். எண்ணெய்ச் சட்டிக்கு விறகுச் சாம்பலைப் போட்டனர். சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் என்னும் காரம் உண்டு. பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளியைப் போட்டனர். புளியில் டார்டாரிக் அமிலம் உண்டு. புளி தேய்த்துக் கழுவிய பின் சாம்பலால் மீண்டும் தேய்ப்பர். களிம்பைக் கரைத்த பின் எஞ்சி நிற்கும் அமிலத்தைச் சாம்பலின் காரம் நடுநிலையாக்கும். அத்துடன் மெருகும் ஏறும். இரண்டையும் ஒன்றாகக் குழைத்துத் தேய்த்தால் ஒன்றின் வலிமையை மற்றொன்று கெடுத்துவிடும். முன்பின் என்னும் அந்த வரிசையில்தான் அவர்களின் அறிவு இருந்தது.

கல்வராயன் மலை மக்கள் சேகரிக்கும் வனப்பொருள்களில் புளியும் ஒன்று. வீட்டில் புளியோ, சாறு பிழிந்த எலுமிச்சைத் தோலோ இருக்கும்போது விளக்குத் துலக்கக் காசு கொடுத்துக் காடி வாங்க வேண்டியதில்லை. நிறமும் பிசுபிசுப்பும் இல்லாத அமிலம் வேண்டிய இடங்களுக்குக் காடி சிறந்தது.

ஒரு பொருள் அமிலமா காரமா என்று அறிய, செம்பருத்திப் பூவை வெந்நீரில் ஊறவைத்த சாறு போதும். அமிலத்தில் அது சிவக்கும், காரத்தில் பச்சையாகும். மஞ்சள்தூள் கரைசலாயின் காரத்தில் மட்டும் செந்நிறமாகும்.

செய்முறைக் குறிப்புகள்

1. வெந்நீர்ப் பாத்திரம்: எவர்சில்வர்ப் பாத்திரத்தில் படிவு மூழ்கும் அளவுக்குக் காடியும் தண்ணீரும் சம அளவில் ஊற்றி, இளஞ்சூடாக்கி, ஒரு மணி நேரம் விட்டுக் கழுவவும்.

2. குழாய்: காடியில் நனைத்த துணியைக் குழாயின் வாயில் அரைமணி நேரம் சுற்றி வைத்து, பின் பழைய பல்துலக்கியால் தேய்க்கவும்.

3. கண்ணாடியும் சன்னலும்: ஒரு பங்கு காடிக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, பழைய செய்தித்தாளால் உலர்த்தவும்.

4. பித்தளை: ஒரு கரண்டிக் காடியில் உப்பும் அரிசி மாவும் குழைத்துப் பூசி, 10 நிமிடத்தில் நன்கு கழுவி உடனே துடைக்கவும். காடியை அதில் நீண்ட நேரம் விட்டால் செம்பு அசிட்டேட் என்னும் நச்சுப் பச்சை உண்டாகும். ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் ஊறுகாயும் புளிக்குழம்பும் வைக்கலாகாது என்று பெரியோர் கூறுவதும் இதனால்தான்.

5. மீன் நாற்றம்: மீன் கழுவிய பாத்திரத்தைக் காடி கலந்த நீரால் அலசவும். மீன் நாற்றத்துக்குக் காரணமான டிரைமெத்தில் அமீன் ஒரு காரம். அமிலத்துடன் சேர்ந்து உப்பானபின் அது ஆவியாகி மூக்கை எட்டாது.

6. வெள்ளைச் சீருடை: கடினநீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்து துணியில் படியும், அதனால் வெள்ளை பழுப்பாகும். சோப்பை நன்றாக அலசிய பின், ஒரு வாளித் தண்ணீரில் அரைத் தம்ளர் காடி கலந்து கடைசியாக அலசலாம். உலர்ந்ததும் வாடை இராது. சோப்போடு சேர்த்து ஊற்றினால் சோப்பே திரிந்துவிடும்.

காடி கூடாத இடங்கள்

பானையின் சுண்ணாம்பைக் கரைக்கும் காடி, தரையின் சுண்ணாம்பையும் கரைக்கும். சலவைக்கல், சலவைக்கல் துண்டுகள் பதித்த மொசைக், சிமெண்டுத் தரை, சுண்ணாம்புச் சுவர் ஆகியவற்றில் காடி படக் கூடாது. ஆலயப் பீடத்தைத் துடைக்கும் தோழியர் இதனை மறவாதீர்கள். நம் அடுக்களை மேடைகளில் பதிக்கும் கருநிறக் கடப்பைக் கல்லும் சுண்ணாம்புக்கல் வகையே. அதன் ஒரு சிறு துண்டில் நாங்கள் சில சொட்டுக் காடி விட்டு அரைமணி கழித்துத் துடைத்தபோது, பளபளப்புப் போய் வெளிறிய வட்டம் தெரிந்தது. அவ்வட்டம் கழுவினாலும் மறையாது.

இரும்புத் தோசைக்கல், அலுமினியப் பாத்திரம், முத்து நகை, கைபேசித் திரை ஆகியவற்றுக்கும் காடி ஆகாது. மேலும், காடி கிருமிகள் அனைத்தையும் கொல்லும் மருந்து அன்று. சில நுண்ணுயிர்களின் வளர்ச்சியை அது தடுக்கும். ஆனால் நோயாளி இருந்த அறைக்கு அதை மட்டும் நம்புவது பேதைமை. கைகழுவச் சோப்பே சிறந்தது.

சமையல் சோடாவையும் காடியையும் கலந்தால் பொங்கும் நுரையைக் கண்டு அதனைப் பேராற்றல் என்று சிலர் நினைக்கின்றனர். அமிலமும் காரமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் ஓசையே அது. முடிவில் மிஞ்சுவது சோடியம் அசிட்டேட் கலந்த தண்ணீர்தான். அடைப்பைச் சிறிது அசைக்க அந்த நுரை உதவலாம். கறை போக்க உதவாது.

உயிருக்கு உலை வைக்கும் கலவை

இனிக் கூறுவதே இக்கட்டுரையின் முக்கியமான பகுதி. வெளுப்புத் தூளோடும் வெளுப்பு நீரோடும் காடியை ஒருபோதும் கலக்கக் கூடாது. மழைக்காலத்தில் சாக்கடையிலும் தொட்டியிலும் தூவும் 'பிளீச்சிங் பவுடர்' தான் வெளுப்புத் தூள். அமிலம் பட்டதும் அதிலிருந்து குளோரின் வாயு வெளிவரும். முதல் உலகப் போரில் 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கு அருகே படைவீரர்கள் மீது ஏவப்பட்ட நச்சுவாயு இதுவே. கதவு மூடிய சிறு கழிவறைக்குள் சிறிதளவு வாயுவே நுரையீரலைத் தாக்கப் போதும்.

2014இல் தூய்மை இந்தியா இயக்கம் தொடங்கிய பின் பல சிற்றூர் வீடுகளுக்குக் கழிவறை வந்தது. கழிவறையோடு கறை போக்கும் அமிலப் புட்டியும் வந்தது. அதில் இருப்பது காடியினும் மிக வலிய ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதன் மேல் வெளுப்புத் தூளைக் கொட்டினால் குளோரின் இன்னும் விரைவாக எழும். 'இரண்டையும் போட்டால் இருமடங்கு சுத்தம்' என்று எண்ணி இவ்வாறு செய்பவர் உண்டு. அந்தக் காற்றைச் சுவாசிப்பவர் பெரும்பாலும் நம் தாய்மாரும், பள்ளிகளில் துப்புரவுப் பணி செய்யும் அக்காமாரும் ஆவர். அப்படி நேர்ந்துவிட்டால் அங்கே நின்று கழுவ முயலாமல் உடனே திறந்த வெளிக்கு வர வேண்டும். மூச்சுத் திணறலோ தொடர் இருமலோ இருந்தால் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வலிய அமிலங்களைக் கடையில் விற்பதற்கு 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடு விதித்தது. வாங்குபவர் 18 வயது நிரம்பியவராய் இருக்க வேண்டும். அடையாளச் சான்று காட்டவும் வேண்டும். பெண்கள் மீது அமிலம் வீசும் கொடுமையைத் தடுக்கவே இக்கட்டுப்பாடு வந்தது என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும். உப்புக் கறைக்குக் காடியே போதுமான வீட்டில் அத்தகைய அமிலத்தை வாங்கி வைக்கத் தேவையில்லை.

பெயரில்லாப் புட்டி

2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நம் மாவட்டமே அழுத நாட்கள் அவை. அந்தத் துயரத்துக்கும் நம் பாடத்துக்கும் தொடர்பு உண்டு. எத்தனாலும் மெத்தனாலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. பார்வைக்கு இரண்டும் தண்ணீரைப் போன்றவை. நம் உடல் எத்தனாலைப் படிப்படியாக மாற்றி அசிட்டிக் அமிலத்தின் உப்பாக்குகிறது. மெத்தனாலையோ பார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அது பார்வை நரம்பைக் கெடுத்து உயிரையும் பறிக்கிறது. எத்தனாலும் உடலுக்குத் தீங்கே. மெத்தனாலோ சிறிதளவே கொல்லும். ஒரே ஒரு கார்பன் அணுவின் வேறுபாடு!

கண்ணால் பார்த்து ஒரு திரவத்தை அறிய முடியாது. இதுவே நாம் கற்க வேண்டிய பாடம். காடியும், கழிவறை அமிலமும், மண்ணெண்ணெயும், பினாயிலும் பழைய குளிர்பானப் புட்டிகளில் ஊற்றி வைக்கப்படுவதைப் பல வீடுகளில் காண்கிறோம். தாகத்தோடு வரும் சிறு குழந்தைக்கு அது குளிர்பானமாகவே தோன்றும். ஆகவே எதையும் அதன் சொந்தப் புட்டியிலேயே வைப்போம். மாற்ற நேர்ந்தால் தமிழில் பெயரெழுதி ஒட்டுவோம். குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைப்போம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி வீட்டில் இருந்தால் சிவப்புத் துணி கட்டி அடையாளம் காட்டுவோம்.

முடிவுரை

காடி எளிய பொருள். சுண்ணாம்புக் கறைக்கும், கண்ணாடிக்கும், களிம்புக்கும், மீன் வாடைக்கும் அது நல்ல துணை. எண்ணெய்ப் பிசுக்குக்கும், நோய்க் கிருமிக்கும், கடப்பைக் கல்லுக்கும் அது ஆகாது. வெளுப்புத் தூளோடு சேர்ந்தால் அதுவே எமனாகும். இவ்வேறுபாட்டை அறிய ஆய்வகம் தேவையில்லை. பள்ளியில் படிக்கும் அமிலம், காரம், உப்பு என்னும் பாடமே போதும்.

அன்புத் தோழியரே! தேர்வுக்காகப் படித்து மறப்பதற்கு அன்று அந்தப் பாடம். இன்று மாலை வீட்டுக்குச் சென்றதும் கழிவறை மாடத்தையும் அடுக்களை அலமாரியையும் ஒருமுறை பாருங்கள். பெயரில்லாத புட்டி ஏதேனும் இருந்தால் அது என்னவென்று அம்மாவிடம் கேட்டு, பெயரெழுதி ஒட்டுங்கள். அமிலமும் வெளுப்புத் தூளும் அருகருகே இருந்தால் பிரித்து வையுங்கள். ஐந்து நிமிட வேலைதான். ஆயினும் ஒரு வீட்டைக் காக்கும் வேலை.